நேர்காணல் 14, நெறியாளர் கேட்பதோ சதவீதம்: பண்புசார் ஆய்வை எப்படி எழுதுவது?

தறிச்சத்தம் | திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது இரண்டாவது வருடம். சொந்த ஊர் அவிநாசிப் பக்கம். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. ஆறு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் ஈரோடு போய், அங்கிருந்து காவிரியைத் தாண்டிப் போய் வருகிறேன். இதுவரை 14 பேரிடம் பேசியிருக்கிறேன். யாரிடமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையவில்லை. சிலரோடு இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன்.

போன வாரம் நெறியாளரிடம் முதல் வரைவைக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "14 பேர் எப்படிப் போதும்? 150 ஆக்கு. டேபிள் போடு. எத்தனை சதவீதம் பேர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று எழுது" என்றார். அவர் கற்றுக்கொண்ட முறை அது, அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேள்வித்தாளை நீட்டியிருந்தால் இந்தப் பெண்கள் என்னிடம் சொன்னதில் பாதிகூட வந்திருக்காது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒலிப்பதிவை எழுத்தாக்கியதில் 200 பக்கத்துக்கு மேல் வந்துவிட்டது. அவர்கள் பேசியது நம்ம ஊர்ப் பேச்சு. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

சிவன்மலை_அடிவாரம் | திங்கள், இரவு 11.05

முதலில் அந்த 150ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் இதே இடத்தில் மாட்டி ஒரு வருடம் போனது.

"எத்தனை பேர் வாங்குகிறார்கள்" என்பது உங்கள் கேள்வியானால் உங்கள் நெறியாளர் சொல்வது சரி, 150 வேண்டும், அதுவும் முறையாகத் தேர்ந்தெடுத்த 150 வேண்டும். "வாங்கிய பணம் அவர்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் என்ன செய்கிறது" என்பது கேள்வியானால் 150 டிக் மார்க்கால் ஒன்றும் தெரியாது. ஆகவே அவரிடம் போகும்போது எண்ணிக்கையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். ஆய்வுக் கேள்வியை ஒரே வரியில் எழுதி எடுத்துப் போங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

இருந்தாலும் அவர் எண் கேட்பார். 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து, எத்தனையாவது நேர்காணலோடு புதிய கருத்து வருவது நிற்கிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலானவை முதல் 12க்குள் வந்துவிட்டன. எல்லோரும் இந்த 12ஐ மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பேசிய பெண்கள் ஓரளவு ஒரே மாதிரியான சூழலில் இருந்தவர்கள், கேள்விகளும் ஒரே அமைப்பில் இருந்தன. உங்கள் 14 பேரில் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், சொந்த ஊர்க்காரர், வெளியூரிலிருந்து வந்தவர் என்று கலந்திருந்தால் 14 பத்தாமலும் போகலாம். கடைசி மூன்று நேர்காணலில் புதிதாக எதுவும் வந்ததா என்று பாருங்கள். அதைத் தேதியோடு எழுதி அவரிடம் காட்டுங்கள்.

எண்கணக்கு | செவ்வாய், காலை 7.40

நான் புள்ளியியல் ஆசிரியன். பல வருடமாக ஆய்வு வழிமுறை வகுப்பு எடுக்கிறேன். மாணவியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு ஷெட்டில் 14 பேர் சொன்னதை வைத்துப் பள்ளிபாளையம் முழுக்க இப்படித்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? நாளை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் இதைத்தான் கேட்பார். அப்போது "இது பண்புசார் ஆய்வு" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இதை அந்த முறையைப் பிடிக்காமல் சொல்லவில்லை, பிள்ளை நல்லபடியாக முடிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பனியன்கம்பெனி_மகள் | செவ்வாய், மதியம் 1.15

அக்கா, நான் திருப்பூர். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் வருடம். போன செமஸ்டரில் செக்கிங் பெண்கள் 60 பேரிடம் லைக்கர்ட் அளவுகோல் வைத்துக் கேள்வித்தாள் போனேன். "மிகவும் உடன்படுகிறேன்" தொடங்கி ஐந்து கட்டம். ஒவ்வொரு கேள்விக்கும் "ஆமாங்க, நல்லாத்தானுங் இருக்குது" என்றார்கள். வேலை நேரம் நல்லாத்தான் இருக்குது, டாய்லெட் வசதி நல்லாத்தான் இருக்குது, சூப்பர்வைசர் நல்லாத்தான் பேசுறார். டேபிள் அழகாக வந்தது. மார்க்கும் வந்தது.

எங்கம்மா 19 வருடமாகப் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நான் அந்த டேபிளை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஏங்கண்ணு, வந்து கேக்கற புள்ளைகிட்ட எப்படி இல்லைனு சொல்றது, பாவம்" என்றார். நம்ம பக்கம் வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த "நல்லாத்தானுங்" மரியாதைக்குச் சொன்னது. அதை நான் 4 என்றும் 5 என்றும் எக்ஸெல்லில் ஏற்றிவிட்டேன். இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எண்கணக்கு | செவ்வாய், மாலை 6.30

இது நியாயமான விஷயம். அளவுகோல் சரியாக இருந்தாலும் அதை யார், எங்கே, எப்படிக் கேட்டார் என்பதில் பிழை நுழையும். நானும் வகுப்பில் இதைச் சொல்வது உண்டு, ஆனால் இந்த உதாரணம் என்னிடம் இருந்ததில்லை. என் பொதுமைப்படுத்தல் கேள்வி அப்படியே நிற்கிறது.

பவானிக்கூடல் | செவ்வாய், இரவு 9.00

தறிச்சத்தம், எதிராளிகளுக்குப் பதில் சொல்வது இருக்கட்டும் அம்மணி. நீ எடுத்ததில் ஒரு பத்தி இங்கே போடு. அவர் பேசியது பேசியபடி இருக்க வேண்டும், திருத்தக்கூடாது. பக்கத்தில் நீ என்ன கோடு (code, அந்தப் பேச்சின் கருத்துக்கு நீ வைத்த பெயர்) போட்டாய் என்பதையும் போடு. ஓய்வு பெற்ற வாத்தியார் நான், நேரம் நிறைய இருக்கிறது.

தறிச்சத்தம் | புதன், காலை 6.50

நன்றிங்க ஐயா. இது ஏழாவது நேர்காணல். வயது நாற்பதுக்கு மேல். அவர் அனுமதி கொடுத்த பகுதிதான்.

"முன்பணம்னெல்லாம் இல்லீங். பாக்கி. பையனக் காலேஜ் சேர்க்கறப்ப ஒண்ணு வாங்குனோம். அது தீர்றதுக்குள்ள இவரு வண்டீல இருந்து உழுந்துட்டாரு, அதுக்கு ஒண்ணு. பாக்கி இருந்தாத்தானுங் மொதலாளி நம்மள உடமாட்டாரு. இல்லாட்டி தறி நின்னா நாளைக்கி வராதீங்கம்பாரு, போயிர வேண்டியதுதான். பாக்கி இருக்குதுன்னா நாம எங்கீம் போவமாட்டம்னு அவருக்கும் தெரியுமில்லீங்."

நான் போட்ட கோடுகள்: கடன், கொத்தடிமைத்தனம், மருத்துவச் செலவு, கல்விச் செலவு, வேலைப் பாதுகாப்பின்மை.

பவானிக்கூடல் | புதன், இரவு 8.45

மூன்று தடவை படித்தேன். இந்த ஒரு பத்தியிலேயே உன் ஆய்வேட்டின் நடு அதிகாரம் இருக்கிறது.

முதல் வாக்கியத்தைப் பார். நீ முன்பணம் என்று கேட்டிருக்கிறாய். அவர் அதை மறுத்துவிட்டுத் தன் சொல்லைக் கொடுக்கிறார்: பாக்கி. நீ அதை எடுத்துக்கொள்ளாமல் கடன் என்று கோடு போட்டுவிட்டாய். கடன் என்றால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் ஒரு தொகை, அது தீர்ந்தால் முடிந்தது. பாக்கி அப்படி இல்லை. மளிகைக் கடையில் பாக்கி இருக்கிறது என்றால் நாளைக்கும் அந்தக் கடைக்குத்தான் போவோம் என்று அர்த்தம். கணக்கு இன்னும் மூடவில்லை, உறவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பேச்சில் அது தீரவே இல்லை பார். "தீர்றதுக்குள்ள ஒண்ணு."

அடுத்தது "பாக்கி இருந்தாத்தானுங் உடமாட்டாரு". உடமாட்டார் என்பதற்கு இரண்டு பொருள் வருகிறது. போக விடமாட்டார் என்றும் கைவிடமாட்டார் என்றும் கொள்ளலாம். அவர் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார். நீ கொத்தடிமைத்தனம் என்று எழுதினால் முதல் பொருள் மட்டும் நிற்கும். வேலைப் பாதுகாப்பு என்று எழுதினால் இரண்டாவது மட்டும். கட்டுவதும் காப்பதும் ஒன்றாக இருப்பதுதான் அவர் சொன்ன செய்தி. உன் ஐந்து கோடுகளில் அது எங்கேயும் இல்லை. ஐந்தில் நான்கு, நீ களத்துக்குப் போகும் முன்பே படித்த கட்டுரைகளிலிருந்து வந்தவை என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் சொல்லு.

பங்கேற்பாளரின் சொல்லையே கோடாக வைப்பது ஒன்றும் நான் கண்டுபிடித்தது இல்லை. 1967இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் தொடங்கி வைத்த அடித்தளக் கோட்பாட்டு மரபில் அது பழைய பழக்கம். தரவிலிருந்து கோட்பாட்டுக்குப் போக வேண்டும், கையில் இருக்கும் கோட்பாட்டைத் தரவின் மேல் போர்த்தக்கூடாது என்றுதான் அவர்கள் எழுதினார்கள். உனக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. கேர்ட் டி நேவ் என்ற மானிடவியலாளர் உன் களத்துக்குச் சற்று மேலே குமாரபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களோடு இருந்து, 1999இல் இந்த பாக்கியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அது புதிய அடிமைத்தனமா, இல்லை கட்டுப்பாடும் எதிர்ப்பும் ஒன்றோடொன்று ஆடும் இடமா என்பது அவருடைய கேள்வி. ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலேயே பாக்கி என்ற சொல்லைத் தமிழாகவே வைத்தார். அதைப் படித்துவிட்டு உன் 200 பக்கத்துக்குத் திரும்பிப் போ. பாக்கி என்று யார் யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் சொல்கிறார்கள், யார் சொல்லாமல் தவிர்க்கிறார்கள் என்று மட்டும் ஒரு முறை பார். வேறு எதையும் தேடாதே.

தறிச்சத்தம் | புதன், இரவு 11.30

ஐயா, தவறில்லைங்க. நான்கும் இலக்கிய மீளாய்வு (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும்) அதிகாரத்திலிருந்து எடுத்தவைதான். அந்த அம்மா என்னைத் திருத்தினார் என்பதே எனக்கு உறைக்கவில்லை. ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். "பாக்கி" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் நிறுத்துகிறார். எழுத்தாக்கும்போது அந்த நிறுத்தத்தை நான் குறிக்கவில்லை.

சிவன்மலை_அடிவாரம் | வியாழன், காலை 9.10

நிறுத்தம், சிரிப்பு, குரல் தாழ்வது எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு எனக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், சில நாள் எட்டு. மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். "போவமாட்டம்" என்பதைப் "போக மாட்டோம்" என்று திருத்திக் கொடுக்கிறது. அவர் எந்த ஊர், எந்த வயது என்பதெல்லாம் அந்தத் திருத்தத்தில் காணாமல் போய்விடும். தறிக்குடோன் இரைச்சலில் பாதிச் சொல் பிடிபடவும் செய்யாது. நீங்களே உட்கார்ந்து எழுதுவதுதான் நல்லது, ஏனென்றால் பகுப்பாய்வு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு யார் கூட இருந்தார், எங்கே உட்கார்ந்தீர்கள், ரெக்கார்டரை நிறுத்தியபிறகு என்ன சொன்னார் என்று அன்றிரவே எழுதுங்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே எழுதினால் இன்னும் நல்லது. நகலையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கம் ராம்புராவில் செய்த கள ஆய்வின் ஒழுங்குபடுத்திய குறிப்புகள் மூன்று படிகளும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் வைத்த தீயில் எரிந்துபோயின. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன. நினைவிலிருந்து எழுதி 1976இல் புத்தகமாக்கினார். அவரால் முடிந்தது, நம்மால் முடியாது.

எண்கணக்கு | வியாழன், இரவு 8.00

பவானிக்கூடல் ஐயாவின் பதிவைப் படித்தேன். அந்த "உடமாட்டாரு" என் கேள்வித்தாளில் விழுந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். இந்த வாசிப்பு சரி என்பதற்கு என்ன காப்பு? இன்னொருவர் அதே பத்தியை வேறு விதமாகப் படிக்கலாமே.

சிவன்மலை_அடிவாரம் | வியாழன், இரவு 9.20

படிக்கலாம் சார். அதற்குத்தான் நடந்த வழியை மறைக்காமல் எழுதுகிறோம். லிங்கன், கூபா என்ற ஆய்வு முறையியலாளர்கள் 1985இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பொதுமைப்படுத்தலுக்குப் பதிலாக இடமாற்றத் தகைமை என்று ஒன்றைச் சொன்னார்கள். பள்ளிபாளையம் முழுக்க இப்படித்தான் என்று அந்தப் பிள்ளை சொல்லப் போவதில்லை. ஷெட், ஷிப்ட், கூலி கொடுக்கும் விதம், பாக்கி எழுதும் நோட்டு எல்லாவற்றையும் விவரமாக எழுதினால், சோமனூரைப் படிக்கிறவரோ பல்லடத்தைப் படிக்கிறவரோ தன் களத்துக்கு இது பொருந்துமா என்று தாமே முடிவு செய்வார். விவரம் கொடுக்கும் பொறுப்பு எழுதுகிறவருடையது.

நீங்கள் கேட்ட காப்புக்கு ஒரு வழி, தன் விளக்கத்தோடு ஒத்துப்போகாத ஆளைத் தேடிப் போவது. பாக்கி எல்லோரையும் கட்டிக் காக்கிறது என்று தோன்றினால், பாக்கியே வாங்காத ஒரு பெண்ணைத் தேட வேண்டும். அவர் கதை விளக்கத்தை உடைத்தால் விளக்கத்தை மாற்ற வேண்டும்.

எண்கணக்கு | வியாழன், இரவு 9.35

இது எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கத்திலும் கருதுகோளைப் பொய்யாக்கப் பார்ப்பதுதான் முறை.

பனியன்கம்பெனி_மகள் | வெள்ளி, மதியம் 2.00

அக்கா, ஒரு விஷயம். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அது போதாது என்று படுகிறது. பையன் காலேஜ், வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்தது, வயது, எல்லாம் சேர்ந்தால் அந்த ஷெட்டில் இருக்கும் யாருக்கும் அது யார் என்று தெரியும். முதலாளிக்கும் தெரியும். "வராதீங்கம்பாரு" என்று சொன்னது இவர்தான் என்று தெரிந்தால் என்ன ஆகும்?

தறிச்சத்தம் | வெள்ளி, இரவு 10.10

இதைப் படித்ததும் பயந்துவிட்டேன் தங்கச்சி. மேலே போட்ட பத்தியில் பையன் என்றதும் விபத்து என்றதும் நான் மாற்றிப் போட்டவை. உண்மையில் வேறு இரண்டு காரணங்கள். ஆனால் வரைவில் அப்படியே உண்மையாகத்தான் வைத்திருந்தேன். இன்றைக்கே மாற்றிவிட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன் என்று முறையியல் அதிகாரத்திலும் எழுதிவிட்டேன்.

எனக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி என்னிடம்தான் வருகிறது. "எந்த ஊருங்க?" அப்புறம் "அங்க எந்த வீதி?" சிலர் நேராகவே "எந்தக் கூட்டம்?" என்று குலப்பிரிவையே கேட்கிறார்கள். என் சாதி தெரிந்தபிறகு சிலர் நன்றாகப் பேசினார்கள், சிலர் சுருக்கிக்கொண்டார்கள். இதை எழுதலாமா?

பவானிக்கூடல் | சனி, காலை 7.00

கட்டாயம் எழுத வேண்டும் அம்மணி. 14 பேரில் யார் உன்னைத் தன் ஆளாகப் பார்த்தார், யார் முதலாளியின் ஆளாகப் பார்த்தார் என்பது தெரியாமல் அவர்கள் சொன்னதற்கு எடை போட முடியாது. சுருக்கிக்கொண்டவர்களின் பக்கங்களைத் தனியாக எடுத்துப் படித்துப் பார். 1960களில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கிக் கொங்கு நாட்டில் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகளைப் பற்றி ஆய்வு செய்த மானிடவியலாளர் ப்ரெண்டா பெக், ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர். நீ உள்ளே இருந்து வருகிறாய். அவருக்குத் திறக்காத கதவு உனக்குத் திறக்கும், அவருக்குத் திறந்த சில கதவு உனக்குச் சாத்தியே இருக்கும். "நான்" என்று போட்டே எழுது. "ஆய்வாளர் உணர்ந்தார்" என்று உன்னையே யாரோ மூன்றாம் ஆள் போல எழுதாதே.

ஊத்துக்குளிப்_பயணி | சனி, மாலை 5.20

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எழுத்துத் திருட்டுச் சரிபார்ப்பில் 10 சதவீதம் தாண்டக்கூடாது என்கிறார்களே, இவ்வளவு மேற்கோள் வைத்தால் சிக்கல் வராதா?

சிவன்மலை_அடிவாரம் | சனி, மாலை 6.00

வராது. 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சுட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. பள்ளிபாளையத்து அம்மா பேசியது வேறு எந்த ஆய்வேட்டிலும் இருக்கப் போவதும் இல்லை. மாட்டுவது முறையியல் அதிகாரம்தான். சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் இருக்கும் பழைய ஆய்வேட்டிலிருந்து "பண்புசார் ஆய்வு என்றால் என்ன" என்று ஐந்து பக்கம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த ஐந்து பக்கம் யாருக்கும் வேண்டாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதினால் அது யாரோடும் ஒத்துப்போகாது.

தறிச்சத்தம், ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா. பாக்கியை மொழிபெயர்க்காதீர்கள். முதல் தடவை வரும் இடத்தில் ஒரு பத்தி முழுக்க அதை விளக்குங்கள், அதன்பிறகு கடைசிப் பக்கம் வரை பாக்கி என்றே போங்கள். முக்கியமான மேற்கோள்களின் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் கொடுங்கள். மேற்கோளைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் முதல் வரைவில் ஒரு மேற்கோள், கீழே இன்னொரு மேற்கோள் என்று அடுக்கியிருந்தேன், "நீ எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். ப்ரான், கிளார்க் என்ற உளவியலாளர்கள் 2006இல் கருப்பொருள் பகுப்பாய்வை ஆறு கட்டமாக எழுதினார்கள், அதில் எழுதுவதே ஆறாவது கட்டம். எழுதும்போதுதான் எது கருப்பொருள், எது வெறும் தலைப்பு என்று தெரியும். "கடன்" தலைப்பு. "பாக்கி கட்டவும் செய்கிறது, காக்கவும் செய்கிறது" என்பது கருப்பொருள்.

தறிச்சத்தம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. ஆய்வுக் கேள்வியை ஒரு வரியில் எழுதி நெறியாளரிடம் போனேன். முக்கால் மணி நேரம் பேசினார். "சரி, அந்த வாங்காத ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். 150 பற்றிப் பேசவில்லை.

200 பக்கத்தையும் பாக்கிக்காக மட்டும் படித்தேன். 14 பேரில் 11 பேர் தாமாகச் சொல்கிறார்கள். இரண்டு பேர் நான் கேட்டபிறகு சொல்கிறார்கள். ஒருவர் கேட்டும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு நடந்தபோது முதலாளியின் தம்பி வாசலில் நின்றிருந்தார், என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பாக்கி வாங்காத ஒருவரைப் பிடித்துவிட்டேன். அடுத்த வீதியில் வேறு ஷெட். அவர் சொன்னது, தடயம் தெரியாத அளவில்:

"வாங்குனா அவரு சொல்ற நேரத்துக்கு நிக்கோணும். எனக்கு வேண்டாம்னுட்டனுங். ஆனா தறி கொறைக்கறப்ப மொதல்ல என்னையத்தான் நிறுத்துனாங்க. ரெண்டு மாசம் சும்மா இருந்தேன். அப்பறம் கூப்புட்டாங்க, போனேன். பாக்கி வாங்கிக்கறயான்னு கேட்டாங்க. இல்லீங்கன்னுட்டேன்."

இதை எந்த அதிகாரத்தில் வைப்பது என்று தெரியவில்லை. மற்ற 14 பேருக்கும் பிறகு, விதிவிலக்கு என்று கடைசியில் வைக்கலாம் என்று யோசிக்கிறேன்.

எண்கணக்கு | ஞாயிறு, இரவு 10.15

கடைசியில் வைத்தால் வெளித்தேர்வாளர் அதை ஒரு அடிக்குறிப்பாகத்தான் பார்ப்பார். அந்த "மொதல்ல என்னையத்தான் நிறுத்துனாங்க" இல்லாவிட்டால் ஏழாவது பெண் சொன்னது அவருடைய நினைப்பு என்று நான் ஒதுக்கியிருப்பேன்.

பவானிக்கூடல் | ஞாயிறு, இரவு 10.40

ஆமாம். ஏழாவது நேர்காணலுக்கு அடுத்த பத்தியிலேயே வை. அப்புறம் அந்த அம்மாவிடம் மறுபடி போகும்போது, இரண்டு மாதம் சும்மா இருந்தபோது வீட்டை எப்படி ஓட்டினார் என்று கேள். அந்தக் காலத்தில் யாரிடம் பாக்கி வைத்தார் என்று தெரிய வேண்டும்.